இடுக்கு எங்கே இருக்கிறது? உயர்தரக் கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவரின் காதில் முதலில் விழும் சொல் ‘பாட்டில்நெக்’. “இந்த பிராசசரோடு அந்த கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் பாட்டில்நெக் ஆகும்” என்பார் ஒருவர். “பத்து சதவீதம்தான், பரவாயில்லை” என்பார் இன்னொருவர். எதில் பத்து சதவீதம், எந்த வேலை செய்யும்போது என்று கேட்டால் பதில் வராது. கேட்டுக் கேட்டுக் குழம்பியவர், எல்லாப் பாகத்திலும் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். பணம் அதிகம் வீணாவது இந்த முடிவால்தான். ஆளையே மலைக்க வைக்கும் பாகங்களைச் சேர்த்தும், செய்யும் வேலையில் வேகம் கூடாமல் போன கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வேகம் தனித்தனிப் பாகத்தில் இருப்பதில்லை. நீங்கள் செய்யும் வேலையும் பாகங்களும் சேரும் இடத்தில்தான் அது பிறக்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல் கணக்குத்தான்.

ஒரு சுவர் எழும் வேகம்

வீடு கட்டும் இடத்துக்குப் போவோம். கொத்தனார் நிமிடத்துக்கு நான்கு செங்கல் வைக்கக்கூடியவர். சித்தாள் எடுத்துத் தருவதோ நிமிடத்துக்கு இரண்டு கல். சுவர் நிமிடத்துக்கு இரண்டு கல் வீதம்தான் உயரும். எட்டுக் கல் வைக்கும் கைதேர்ந்த கொத்தனாரைக் கூட்டி வந்தாலும் அதே இரண்டுதான்; மீதி நேரம் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இன்னொரு சித்தாளைச் சேர்த்தால் வேகம் நான்காகும்.

ஒரு வேலையில் மற்றவர்களைக் காக்க வைக்கும் இடம் எதுவோ அதுதான் பாட்டில்நெக். இந்தக் கட்டுரையில் அதை ‘இடுக்கு’ என்றே சொல்கிறேன்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. இடுக்கே இல்லாத கணினி உலகில் கிடையாது. ஓரிடத்தில் அடைப்பை நீக்கினால் அடுத்த மெதுவான இடம் இடுக்காகிவிடும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் எல்லா வேலையும் கணப்பொழுதில் முடிந்துவிட வேண்டுமே. இரண்டாவது, வேலை மாறினால் இடுக்கும் இடம் மாறும். சுவர் கட்டும்போது சித்தாள் பற்றாக்குறை. வெள்ளையடிக்கும்போது ஏணி பற்றாக்குறை. ஆகவே இரண்டு பாகங்களின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ‘இத்தனை சதவீதம் பாட்டில்நெக்’ என்று சொல்வதற்கு அர்த்தம் இல்லை.

கணினி விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். திரையில் ஓடுவது வரிசையாக வரும் அசையாப் படங்கள். அந்த ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். யார் எங்கே நிற்கிறார், எது எதன்மேல் மோதியது என்று கணக்குப் போட்டு ஃபிரேமுக்கான கட்டளைகளைத் தயாரிப்பது பிராசசர். அதை வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஒரு ஃபிரேமைத் தயாரிக்கப் பிராசசருக்கு 8 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே 3840க்கு 2160 புள்ளி கொண்ட 4கே திரையில் வரைய கிராபிக்ஸ் கார்டுக்கு 12 மில்லி நொடி. அப்படியானால் நொடிக்கு 83 ஃபிரேம் வரும். இடுக்கு கிராபிக்ஸ் கார்டில். அதே கணினியை 1920க்கு 1080 புள்ளி கொண்ட சின்னத் திரையில் மாட்டுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் நான்கில் ஒன்றாகிவிடும்: 83 லட்சத்திலிருந்து 21 லட்சத்துக்கு இறங்கும். வரையும் நேரம் 4 மில்லி நொடியாகக் குறைந்தால், இப்போது கார்டுதான் பிராசசருக்காகக் காத்திருக்கும்; நொடிக்கு 125 ஃபிரேம். பாகம் ஒன்றுகூட மாறவில்லை, திரை மட்டும் மாறியது. இடுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

பட்டியலில் முதல் வரி: வேலை

அதனால் பாகங்களின் பட்டியலை எழுத உட்காரும்போது முதல் வரியில் பிராசசர் பெயரை எழுதாதீர்கள். வேலையை எழுதுங்கள். இரண்டாம் வரியில் மானிட்டரை எழுதுங்கள். பலர் மானிட்டரைக் கடைசியில், கையில் மிஞ்சியதைக் கொண்டு வாங்குகிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் வேலை என்னவென்று தீர்மானிப்பதே மானிட்டர்தான். அது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடி அவகாசம் தரும். 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 4.2 மில்லி நொடி. 60 ஹெர்ட்ஸ் திரை முன்னால் நொடிக்கு 200 ஃபிரேம் வரையும் கார்டை வைத்தால், முக்கால்வாசி உழைப்பு கண்ணுக்கே வந்து சேராது.

உங்கள் விருப்பத்துக்கேற்ப இடுக்கை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதுதான் பாகத் தேர்வு. 4கே விளையாட்டுக்கு அது கிராபிக்ஸ் கார்டில் இருப்பதே நல்லது. பெரிய நிரல்களைக் கம்பைல் செய்பவருக்கு, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுபவருக்கு, அது பிராசசரில் இருக்கட்டும். மின்சாரத்திலோ வெப்பத்திலோ மட்டும் இருக்கக் கூடாது. அங்கே இருந்தால் வாங்கிய எதுவும் முழுதாக உழைக்காது.

பிராசசர்: கிகாஹெர்ட்ஸ் மட்டும் வேகம் அல்ல

பிராசசருக்குள் ஒரு தாளம் ஓடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்தத் தாளம் நொடிக்கு 500 கோடி முறை தட்டுகிறது. ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே 0.2 நானோ நொடி; ஒளியே அதற்குள் 6 சென்டிமீட்டர்தான் போகும். தட்டு எத்தனை என்பது ஒரு பாதி. தட்டுக்குத் தட்டு எவ்வளவு வேலை முடிகிறது என்பது மறுபாதி. 2004இல் வந்த பென்டியம் 4 ஒன்று 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. இருபது ஆண்டு கழித்து வந்தவை 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் நிற்கின்றன. தாளம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வேலையோ பல மடங்கு கூடிவிட்டது. ஆகவே இரு வேறு நிறுவனங்களின், அல்லது இரு வேறு தலைமுறைகளின் பிராசசர்களை கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கொண்டு ஒப்பிடவே கூடாது.

அடுத்தது கோர். தனியாக நின்று வேலை செய்யக்கூடிய ஒரு கொத்தனார் ஒரு கோர். 16 கோர் என்றால் 16 கொத்தனார்கள். ஆனால் எத்தனை பேர் வந்தாலும் கான்கிரீட் இறுகும் நேரம் குறையாது. முந்தையது முடிந்தால்தான் அடுத்தது என்று இருக்கும் வேலையைப் பங்கு பிரிக்க முடியாது. ஜீன் அம்தால் 1967இல் இதைக் கணக்காகவே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்றால், ஆயிரம் கோரைப் போட்டாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது (ரெண்டரிங்), நிரலைக் கம்பைல் செய்வது ஆகியவை அழகாகப் பங்கு பிரிபவை. அங்கே 16 கோர் தன் மதிப்பைக் காட்டும். பெரும்பாலான விளையாட்டுகள் 8 கோருக்கு மேல் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு கோரையும் இரண்டு வேலை வரிசைகளாகக் காட்டுவதால், 16 கோர் பிராசசர் 32 வரிசை உடையதாகத் தெரியும். அதில் ஒரே ஒரு வரிசை முழு மூச்சில் ஓடினால் மொத்தப் பயன்பாடு 3 சதவீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்து “பிராசசர் சும்மாத்தானே இருக்கிறது” என்று நினைத்துவிடாதீர்கள். இடுக்கு அந்த ஒற்றை வரிசையில் இருக்கலாம்.

கேஷ்: கைக்கெட்டும் தூரத்துக் கல்

விளையாட்டுக்கான பிராசசரைத் தேர்ந்தெடுப்பதில் கடந்த சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது கேஷ்தான். கொத்தனார் தன் காலடியில் கொஞ்சம் கல்லை அடுக்கி வைத்துக்கொள்வார் அல்லவா? பிராசசருக்குள்ளேயே இருக்கும் அப்படிப்பட்ட சின்ன, அதிவேக நினைவகம்தான் கேஷ்.

அது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, தாளத்தின் ஒரு தட்டை ஒரு நொடியாக நீட்டிப் பாருங்கள். கோருக்கு மிக அருகில் உள்ள முதல் நிலைக் கேஷிலிருந்து தகவல் வர நாலைந்து நொடி. எல்லாக் கோரும் பகிர்ந்துகொள்ளும் மூன்றாம் நிலைக் கேஷிலிருந்து வர ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கேயும் இல்லாமல், கணினியின் தற்காலிக நினைவகமான ரேமுக்குப் போனால் ஆறேழு நிமிடம். கோப்புகளை நிரந்தரமாக வைத்திருக்கும் எஸ்எஸ்டிக்குப் போய் எடுத்துவர, 50 மைக்ரோ நொடி என்று கொண்டால், ஏறத்தாழ மூன்று நாள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஒன்றரை ஆண்டுக்கு மேல். கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், ஒரு கல்லுக்காக ஆறு நிமிடம் நின்றால் திறமை எதற்கு உதவும்?

பிராசசர் நிறுவனமான ஏஎம்டி 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசசரில் கேஷ் சில்லு ஒன்றைப் பிராசசர் சில்லின் மேல் அடுக்கி வைத்தது. மூன்றாம் நிலைக் கேஷ் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. தாளமோ, அடுக்கு இல்லாத அதன் உடன்பிறப்பைவிடச் சற்று மெதுவானது. இருந்தும் பல விளையாட்டுகளில் அது முந்தியது. காரணம், ஆறு நிமிட நடை குறைந்ததுதான். 2024இல் வந்த 9800எக்ஸ்3டியும் 8 கோரும் 96 எம்பியும் உடையது. விளையாட்டு மட்டும்தான் உங்கள் வேலை என்றால் அதன் 16 கோர் அண்ணனுக்குத் தாவுவதில் பலன் மிகக் குறைவு. பகலில் ரெண்டரிங், இரவில் விளையாட்டு என்பவர்தான் அந்த அண்ணனைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: பங்கு பிரிக்கக்கூடிய வேலைக்குக் கோர் எண்ணிக்கை, சின்னச் சின்னத் தகவலுக்காக அடிக்கடி ஓடும் விளையாட்டு போன்ற வேலைக்குப் பெரிய கேஷ். கிகாஹெர்ட்ஸை ஒரே குடும்பத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

ரேம்: மூன்று எண்கள், ஒரு சுவிட்ச்

ரேம் என்பது வேலை நடக்கும் இடத்திலேயே இறக்கி வைத்த கல் குவியல். அதற்கு மூன்று எண்கள் உண்டு. கொள்ளளவு ஜிபியில். அலைவரிசை, அதாவது நொடிக்கு எவ்வளவு தகவலைக் கொண்டு சேர்க்க முடியும் என்பது. தாமதம், அதாவது கேட்டதற்கும் முதல் துளி வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நேரம். தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டால் அலைவரிசை குழாயின் அகலம்; தாமதம் குழாயைத் திறந்த பிறகு தண்ணீர் வந்து விழ ஆகும் நேரம்.

கொள்ளளவில் கணக்கு எளிது. போதாமல் போனால் பெருங்கேடு, போதுமான அளவுக்கு மேல் இருந்தால் பலன் பூஜ்யம். விளையாட்டுக்கு 32 ஜிபி, வீடியோ எடிட்டிங்குக்கு 64 ஜிபி என்று தொடங்குங்கள்.

வேகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிடிஆர்5 என்பது ரேமின் தலைமுறைப் பெயர். டிடிஆர்5-6000 என்ற பெயரில் 6000 என்பது நொடிக்கு 600 கோடி தகவல் மாற்றம். ஒரு தாளத்துக்கு இரண்டு மாற்றம் என்பதால் உண்மைத் தாளம் 3000 மெகாஹெர்ட்ஸ். ஒரு தட்டு 0.33 நானோ நொடி. பெட்டியில் சிஎல்30 என்று இருந்தால், ரேம் சில்லிடம் கேட்டதிலிருந்து 30 தட்டு கழித்துத் தகவல் வரும்: 10 நானோ நொடி (பிராசசரிலிருந்து போய்வரும் முழு நேரத்தில் இது ஒரு பகுதி மட்டுமே). இப்போது பழைய டிடிஆர்4-3200 சிஎல்16ஐப் பாருங்கள். தட்டு 0.625 நானோ நொடி, பதினாறு தட்டு, அதுவும் 10 நானோ நொடி! குழாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகியிருக்கிறது, தண்ணீர் வர ஆகும் நேரம் மாறவில்லை. டிடிஆர்5-6000 சிஎல்40 என்றால் 13.3 நானோ நொடி. பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுவார். ரைசன் 7000 வரிசை வந்தபோது 6000தான் தோதான வேகம் என்று ஏஎம்டியே சொன்னது. அதைத் தாண்டிப் போவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

ரேமை எப்போதும் ஜோடியாகப் போடுங்கள். பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு. அவற்றுக்குச் சேனல் என்று பெயர். டிடிஆர்5-6000இல் ஒரு சேனல் நொடிக்கு 48 ஜிபி, இரண்டும் சேர்ந்து 96. ஒரே ஒரு ரேம் பலகை, அதாவது ஒற்றைக் குச்சி, போட்டால் ஒரு பாதை பூட்டியே கிடக்கும். அதற்காக நான்கு இடத்தையும் நிரப்பலாம் என்று எண்ணாதீர்கள். ஒரே சேனலில் இரண்டு குச்சிகள் இருந்தால் மின்குறிகள் தெளிவிழக்கின்றன. ரைசன் 7000 வரிசையில் நான்கு டிடிஆர்5 குச்சிகளுக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 3600 மட்டுமே. 64 ஜிபி வேண்டுமானால் நான்கு 16ஐ விட இரண்டு 32 மேல்.

கடைசியாக அந்தச் சுவிட்ச். பெட்டியில் எழுதிய வேகம் தானாக வராது. பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருளான பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும். அதுவரை 4800 போன்ற பொது வேகத்தில்தான் ஓடும். ஆண்டுக்கணக்கில் இதைத் தொடாமலேயே இருப்பவர்கள் ஏராளம்.

கிராபிக்ஸ் கார்டு

வெள்ளையடிக்கக் கைதேர்ந்த கொத்தனார் வேண்டாம். பெரிய சுவரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஆயிரம் பேரிடம் கொடுத்தால் போதும். கிராபிக்ஸ் கார்டு அப்படித்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090இல் 21,760 சின்னக் கோர்கள் உண்டு. ஒவ்வொன்றும் பிராசசர் கோரைவிட மிக எளிமையானது. ஒரே மாதிரி வேலையைக் கூட்டமாகச் செய்யும்போதுதான் அதன் பலம் தெரியும்.

இத்தனை பேருக்கும் சுண்ணாம்பு போய்ச் சேர வேண்டும். அதற்காகக் கார்டிலேயே தனி நினைவகம் இருக்கிறது. அதற்கு விரேம் என்று பெயர். 5090இல் அது 32 ஜிபி, அலைவரிசை நொடிக்கு 1,792 ஜிபி. மேலே பார்த்த ரேமின் 96 ஜிபியைவிட பதினெட்டு மடங்குக்கு மேல். விரேம் நிறைந்து வழிந்தால், மீதித் தகவல் சாதாரண ரேமிலிருந்து மதர்போர்டின் பாதை வழியாக வர வேண்டும். அந்தப் பாதை இன்றைய வேகமான தலைமுறையிலேயே நொடிக்கு 64 ஜிபிக்குக் கீழேதான். படம் திக்கித் திக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்ட நினைப்பவருக்கு விரேம்தான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும்கூட. 700 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்று வைத்திருக்கும் எண்கள்) கொண்ட மாதிரியை, அளவுரு ஒன்றுக்கு 2 பைட் வீதம் வைத்தால் 14 ஜிபி. அரை பைட்டுக்குச் சுருக்கினால் 3.5 ஜிபி. 7,000 கோடி அளவுருக்கள் என்றால் அரை பைட்டிலும் 35 ஜிபி. 32 ஜிபி கார்டில் அடங்காது. எந்த விளம்பரத்தையும் நம்பாமல் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

எஸ்எஸ்டி

இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது பிரம்மாண்டமான மாற்றம். எஸ்எஸ்டிக்குள் நொடிக்கு 7 ஜிபி தருவதிலிருந்து 14 ஜிபி தருவதற்கு மாறுவது, பெரிய வீடியோ கோப்புகளை நாள் முழுக்க நகர்த்துபவருக்கு மட்டுமே தெரியும். கணினி இயங்கத் தொடங்குவதிலும் விளையாட்டு லோடு ஆவதிலும் வித்தியாசம் சொற்பம்; அங்கே தகவலை விரித்துப் பிரிக்கும் பிராசசர்தான் இடுக்கு. முன்னணி வேகத்துக்குச் செலவிடுவதைவிடக் கொள்ளளவுக்குச் செலவிடுங்கள்.

மதர்போர்டு: சாலைகளின் வரைபடம்

மதர்போர்டு எந்த வேலையையும் தானே செய்து முடிப்பதில்லை. பாகங்களுக்கு இடையே சாலை போடுகிறது, பிராசசருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தருகிறது. உயர்தர பிராசசர் ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் 200 வாட் எடுத்தால் 160 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யும் சுற்றுக்கு விஆர்எம் என்று பெயர். அது உறுதியாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் போர்டு போதும். அதற்கு மேல் தரும் விலையில் பெரும்பகுதி கூடுதல் இணைப்பு வசதிகளுக்கும் அலங்காரத்துக்கும் போகிறது.

சாலைக் கணக்கைத்தான் வாங்கும் முன் பார்க்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பது பாகங்களுக்கிடையிலான சாலை; அதன் ஒவ்வொரு தடத்துக்கும் லேன் என்று பெயர். ரைசன் 7000, 9000 வரிசைகளின் மேசைக்கணினி பிராசசர்கள் தரும் லேன்களில் 24ஐ நாம் பயன்படுத்தலாம்: கிராபிக்ஸ் கார்டுக்கு 16, எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு இரண்டு நான்குகள். மற்ற இணைப்புகள் சிப்செட் என்ற துணைச் சில்லின் வழியாக ஒரே வாசலில் நெருக்கிக்கொண்டு வருகின்றன. சில போர்டுகளில் இன்னொரு எஸ்எஸ்டியை ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தில் செருகினால், கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் 8 ஆகக் குறையும். விளையாட்டில் இதனால் இழப்பு சிறிதுதான். ஆனால் அறிந்து செய்ய வேண்டும். போர்டின் கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். வாங்கும் முன்பே அதைப் பதிவிறக்கிப் படியுங்கள்.

சாக்கெட் எனப்படும் பிராசசர் பொருந்தும் குழியும் முக்கியம். ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2022இன் 5800எக்ஸ்3டியும் அதில்தான் பொருந்தியது. அப்படி நீண்ட ஆயுள் உள்ள சாக்கெட் கிடைத்தால், சில ஆண்டு கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பவர் சப்ளை: கஞ்சத்தனம் கூடாத இடம்

பவர் சப்ளையைப் பற்றி உலவும் தவறான எண்ணம் ஒன்று: 1000 வாட் பவர் சப்ளை போட்டால் எந்நேரமும் 1000 வாட் மின்சாரம் செலவாகும். இல்லை. அந்த எண் அதனால் தர முடிந்த உச்ச அளவு. பாகங்கள் 450 வாட் கேட்டால் 450 வாட்தான் தரும். சுவரிலிருந்து எடுப்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். திறன் 90 சதவீதம் என்றால் 500 வாட் எடுத்து 450ஐத் தந்து, மீதி 50ஐ வெப்பமாக விட்டுவிடும்.

பெட்டியில் காணும் 80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் போன்ற முத்திரைகள் இந்தத் திறனைத்தான் சொல்கின்றன. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமைக்கு 90 சதவீதத் திறன் இருந்தால் கோல்டு. உள்ளே இருக்கும் பாகங்களின் ஆயுளையோ, மின்னழுத்தம் எவ்வளவு சீராக வருகிறது என்பதையோ, ஷார்ட் ஆனால் அது உடனே தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதையோ அந்த முத்திரை சொல்லாது. அவற்றை அறிய, பவர் சப்ளையைப் பிரித்து, கருவிகளை மாட்டிச் சோதிப்பவர்களின் விமர்சனங்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்? கூட்டிப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5090க்கு 575 வாட். இன்டெல் கோர் ஐ9-14900கே போன்ற பிராசசரின் உச்சம் 253 வாட். ஃபேன், எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் சேர்த்து ஒரு 80. மொத்தம் 900ஐத் தாண்டுகிறது. இத்துடன் இன்னொரு விஷயம்: கிராபிக்ஸ் கார்டு நொடியின் மிகச் சிறு துளி நேரத்துக்குத் தன் சராசரியைவிட வெகுவாகக் கூடுதலாக இழுக்கும். பழைய பவர் சப்ளைகள் இதை ஆபத்து என்று எண்ணி அணைந்துவிடும். விளையாட்டின் நடுவே கணினி திடீரென்று நின்றுபோகும். பவர் சப்ளைகளுக்காக 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரவரையறை, 100 மைக்ரோ நொடிக்குத் தன் அளவைப்போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறித்த 1000 முதல் 1200 வாட் வரையிலான ஒன்றைத்தான் மேலே சொன்ன கூட்டணிக்கு நான் தேர்ந்தெடுப்பேன்.

கேபிள் விஷயத்தில் இரண்டு பிழைகள் பாகத்தையே எரித்துவிடும். ஒன்று, ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் மாட்டுவது. கிராபிக்ஸ் கார்டு பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்த ஊசியில் எந்த மின்னழுத்தம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். வடிவம் பொருந்திவிடும், மின்சாரம் தவறான இடத்தில் பாயும். இரண்டாவது, கார்டுக்கான 16 ஊசி இணைப்பைப் பாதி செருகுவது. அதன் உச்சமான 600 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோக 50 ஆம்பியர் தேவை. அதை ஆறு கம்பிகள் பங்கு போடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் 8 ஆம்பியருக்கு மேல். சரியாகத் தொடாத ஊசி சூடாகி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது உருகிய இணைப்புகளின் படங்கள் பரவியதும், பிறகு முழுதாகச் செருகாவிட்டால் மின்சாரமே தராதபடி 12வி-2எக்ஸ்6 என்ற திருத்தம் வந்ததும் இதனால்தான். இடைவெளி சிறிதும் இல்லாமல் செருகியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இணைப்புக்கு அருகிலேயே கேபிளை ஒடித்து வளைக்காதீர்கள்.

சுருக்கமாக: வாட் எண் என்பது உச்ச அளவு, 80 பிளஸ் என்பது திறன், ஏடிஎக்ஸ் 3.0 என்பது திடீர் இழுப்பைத் தாங்கும் உறுதி. மூன்றும் வெவ்வேறு.

வெப்பம் எங்கே போகிறது

கணினி எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் முடிகிறது. 800 வாட் எடுக்கும் கணினி, 800 வாட் ஹீட்டரைப்போலவே அறையைச் சூடாக்கும். கூலர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. காற்றால் குளிர்விக்கும் கூலரும் சரி, தண்ணீர் ஓடும் கூலரும் சரி, இறுதியில் வெப்பத்தை அறைக் காற்றிடம்தான் ஒப்படைக்கின்றன. தண்ணீர் செய்வது, அந்த ஒப்படைப்பைக் கேபினெட்டின் ஓரத்தில், பெரிய ரேடியேட்டரில் நடத்துவது. 8 கோர் விளையாட்டு பிராசசருக்கு நல்ல காற்றுக் கூலரே தாராளம். மணிக்கணக்கில் ரெண்டர் செய்யும் 16 கோருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் நியாயமானது. ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பைவிட உயரமாக இருக்கும்படி மாட்டுங்கள். குழாய்க்குள் சேரும் காற்று உயரமான இடத்துக்குத்தான் போகும், அது பம்பாக இருந்தால் இரைச்சலும் தேய்மானமும் வரும்.

95 டிகிரி என்று பார்த்ததும் பதற வேண்டாம். ரைசன் 7000 வரிசையின் உயர் மாடல்கள் முழுச் சுமையில் அந்த வெப்பநிலை வரை போய், அங்கே தங்கி வேலை செய்யும்படியே வடிவமைக்கப்பட்டவை.

கேபினெட்டில் மூன்று அளவுகளை மட்டும் பாருங்கள்: கார்டின் நீளம், கூலரின் உயரம், ரேடியேட்டருக்கான இடம். பெரிய கார்டுகள் 350 மில்லிமீட்டரைத் தாண்டும். பெரிய காற்றுக் கூலர்கள் 165 மில்லிமீட்டர் வரை உயரும். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக மூடிய கேபினெட்டைவிட வலை வைத்தது நன்றாகச் சுவாசிக்கும்.

முதல் முறை ஆன் செய்யும்போது

டிடிஆர்5 கணினி முதன்முறை இயங்கும்போது திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் நிற்கலாம். பிராசசர் ரேமோடு பேசும் நேர அளவுகளைச் சோதித்துச் சரிசெய்துகொள்கிறது. அந்த நேரத்தில் பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். கூலரின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்தீர்களா என்பதை அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டின் பின்புறத்தில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். பிறகு இயங்குதளத்தின் திரை அமைப்புகளுக்குப் போய் ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பல மாதம் ஆசையாகச் சேர்த்து அமைத்த கணினியில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60இலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்குள் பிராசசரை மாற்றலாமா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார். பட்டியலைத் திறந்து 240ஐத் தேர்ந்தெடுத்தோம். மவுஸை அசைத்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.